‘பாசாங்கு’ என்ற சொல்லை இடமறிந்து எழுதுவது எப்படி?

தமிழில் புதிதாக எழுதத் தொடங்குபவர்களும், பிற மொழிகளிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கப் பழகுபவர்களும், தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களும் அடிக்கடி தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஒருவர் தம்மிடம் இல்லாததை இருப்பதாகக் காட்டுகிறார் என்று சொல்ல நேரும்போது, பாசாங்கு, பாவனை, நடிப்பு, போலி, வேடம், மாய்மாலம் என்று அகராதி அடுக்கித் தரும் சொற்களில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து வைத்துவிடுகிறார்கள். ஒன்றுக்கு அருகில் ஒன்றாக அச்சிடப்பட்டிருப்பதால் இவை ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்று நிற்கும் என்று தோன்றுகிறது. ஆனால் வாக்கியத்துக்குள் வந்தவுடன் ஒவ்வொன்றும் வேறு வேறு குற்றச்சாட்டைச் சுமக்கிறது, சில எந்தக் குற்றச்சாட்டையும் சுமப்பதில்லை. ஆகவே பாசாங்கு என்ற சொல்லை நடுவில் வைத்து, அதை எப்போது எழுதலாம், எப்படி வாக்கியத்தில் பொருத்தலாம், எப்போது விலக்கி வேறு சொல்லைத் தேட வேண்டும் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதற்படி: மூன்று கேள்விகளைக் கேளுங்கள்

ஒருவர் பாசாங்கு செய்தார் என்று எழுதினால், அவரைப் பற்றி மூன்று செய்திகளை ஒருசேர உறுதியாகச் சொல்லிவிடுகிறோம். வெளியே தெரிவது உண்மையன்று என்பது ஒன்று. அது உண்மையன்று என்பது அவருக்கே தெரியும் என்பது மற்றொன்று. பார்ப்பவர் அதை நம்ப வேண்டும் என்று அவர் விரும்புகிறார் என்பது மூன்றாவது. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்த இடத்துக்கு உரிய சொல் வேறு.

தனக்கு இசை நன்றாகத் தெரியும் என்று மனதார நம்பித் தவறான விளக்கம் தருபவர் பாசாங்கு செய்வதில்லை. அவரிடம் இருப்பது அறியாமை. கையில் எதுவும் இல்லாமல் தேநீர் அருந்திக் காட்டும் ஊமக்கூத்துக் கலைஞரும் பாசாங்கு செய்வதில்லை. கோப்பை இல்லை என்பது அவருக்கும் தெரியும், பார்ப்பவர்களுக்கும் தெரியும். ஆனால் பேருந்தில் முதியவர் ஒருவர் அருகில் வந்து நிற்பதைக் கண்டவுடன் கண்களை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்துக்கொள்பவரிடம் மூன்றும் பொருந்துகின்றன: அவர் தூங்கவில்லை, தூங்கவில்லை என்பது அவருக்குத் தெரியும், தூங்குகிறார் என்று முதியவர் எண்ண வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். பாசாங்கு என்ற சொல் இத்தகைய இடத்துக்கு உரியது.

இவற்றில் இரண்டாவது செய்தியைத் தமிழ் மரபு நெடுங்காலமாகவே வற்புறுத்தி வந்திருக்கிறது. திருக்குறளின் 28ஆம் அதிகாரமான கூடாவொழுக்கம், வஞ்ச மனத்தானின் ‘படிற்றொழுக்க’த்தை, அதாவது பொய்யான நடத்தையைக் கண்டு அவனுடைய உடம்பில் கலந்திருக்கும் ஐந்து பூதங்களும் ‘அகத்தே நகும்’ என்று தொடங்குகிறது (குறள் 271). ஊரார் அறியும் முன்பே உள்ளிருந்து அறிந்துகொண்டிருக்கும் சாட்சி ஒன்று உண்டு என்பதே அங்கே அடிப்படை. படிறு என்ற அந்தப் பழைய சொல் இன்றைய உரைநடையில் வழங்குவதில்லை என்றாலும், செய்பவனின் அறிவோடு செய்யப்படுவது என்ற அந்தக் கூறு பாசாங்கில் முழுமையாக இருக்கிறது.

பாசாங்கையும் பொய்யையும் பிரித்துப் பார்ப்பதும் இந்தப் படியிலேயே முடிந்துவிட வேண்டும். பொய்யைச் சொல்கிறோம், பாசாங்கைச் செய்கிறோம். முகம், உடல், நடத்தை, குரலின் சாயல் ஆகியவற்றால் காட்டப்படுவதே பாசாங்கு என்பதால், ‘பாசாங்கு சொன்னார்’ என்பது தமிழில் நிற்காது. எழுத்தில் ‘செய்’, ‘காட்டு’ ஆகிய வினைகளும், பேச்சில் ‘பண்ணு’ என்பதும் இதனுடன் சேரும்.

இரண்டாம் படி: ‘போல்’ என்பதை முதலில் கையாளப் பழகுங்கள்

பாசாங்கைப் பற்றி எழுதுவதில் பாதி வேலையைச் செய்வது ‘போல்’ என்ற சிறு சொல்தான். புதியவர்கள் இதன் மேல் போதிய கவனம் வைப்பதில்லை. பின்வரும் மூன்று வாக்கியங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

குழந்தை தூங்குவது போல் இருந்தது.
குழந்தை தூங்குவது போல் படுத்திருந்தது.
குழந்தை தூங்குவது போல் பாசாங்கு செய்தது.

முதல் வாக்கியம் பார்ப்பவரின் ஐயத்தை மட்டுமே சொல்கிறது; குழந்தை உண்மையிலேயே தூங்கிக்கொண்டிருக்கலாம். மூன்றாவது வாக்கியத்தில் ஐயத்துக்கு இடமில்லை. குழந்தை விழித்திருக்கிறது என்று எழுதுபவர் அறுதியிட்டுவிட்டார். நடுவில் உள்ள வாக்கியமோ இரண்டு பக்கமும் சாயக்கூடியது. அடுத்த வாக்கியம் வரும் வரை வாசகர் தீர்ப்பைத் தள்ளிவைக்கிறார், கதை எழுதுபவர்களுக்கு இந்தத் தள்ளிவைப்பு மிகவும் பயன்படும். மொழிபெயர்ப்பாளர்கள் முதல் வாக்கியத்தின் பொருளுக்கு மூன்றாவது வாக்கியத்தை எழுதிவிடும்போதுதான், மூலத்தில் குற்றமற்றவராக இருந்த ஒருவர் தமிழில் ஏமாற்றுக்காரராகிவிடுகிறார்.

‘போல்’ தனியாகவே பாசாங்கின் பொருளைத் தாங்கும் என்பதற்குத் திருக்குறளின் குறிப்பறிதல் அதிகாரத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. காதலர்கள் வெளியே பகைவர் போலவும் உள்ளே அன்பராகவும் நடந்துகொள்வதை ‘செற்றார்போல் நோக்கும்’, ‘உறாஅர்போன்று உற்றார் குறிப்பு’ என்று குறள் 1097 சொல்கிறது. முன்பின் அறியாதவர்கள் பார்ப்பதைப் போலப் பொதுவாகப் பார்த்துக்கொள்வதும் காதலரிடமே உண்டு என்பதை ‘ஏதிலார் போலப் பொதுநோக்கு நோக்குதல்’ என்று குறள் 1099 சொல்கிறது. நடிப்பு, வேடம், வஞ்சம் என்ற சொற்களில் ஒன்றுகூட அந்த வரிகளில் இல்லை. ‘போல்’ என்பதும் ‘போன்று’ என்பதும் மட்டுமே இருக்கின்றன, ஆனாலும் அந்தப் பார்வை பொய்ப்பார்வை என்பது எவருக்கும் விளங்கிவிடுகிறது.

ஆகவே ஒரு பாசாங்கை எழுத வேண்டி வந்தால், முதல் வரைவில் அந்தச் சொல்லையே பயன்படுத்தாமல், ‘போல்’ என்பதுடன் கண்ணுக்குத் தெரியும் ஒரு செயலை மட்டும் சேர்த்து எழுதிப் பாருங்கள். ‘கடன் கொடுத்தவரைக் கண்டதும் கைப்பேசியைக் காதில் வைத்து, யாரிடமோ பேசுவது போல் தலையசைத்துக்கொண்டே கடந்து போனார்’ என்ற வாக்கியத்தில் பாசாங்கு முழுவதும் வந்துவிட்டது. ‘பேசுவது போல் பாசாங்கு செய்தபடி’ என்று சேர்த்தால் வாசகர் தாமே கண்டுபிடித்திருக்கக்கூடியதை அவருக்கு முன்பாகவே சொல்லிவிடுகிறோம். செய்தியிலும் விளக்கக் கட்டுரையிலும் ஐயம் எழக்கூடாது என்பதால் அங்கே வெளிப்படையாகப் பாசாங்கு என்றே எழுத நேரிடலாம். கதையில் பெரும்பாலும் தேவைப்படாது.

மூன்றாம் படி: இணைப்பைச் சரியாக அமையுங்கள்

பாசாங்குக்கு முன்னால் வரும் பகுதியைப் ‘போல்’, ‘ஆக’, ‘என்று’ ஆகிய மூன்றில் ஒன்று இணைக்கும். கண்ணால் காணக்கூடிய செயலாக இருந்தால் ‘போல்’ இயல்பாகப் பொருந்தும்: படிப்பது போல் பாசாங்கு செய்தாள். ஒருவர் தம்மைப் பற்றிக் கூறிக்கொள்ளும் நிலையாக இருந்தால் ‘ஆக’, ‘என்று’ ஆகியவை பொருந்தும்: தனக்குக் காய்ச்சல் என்று பாசாங்கு செய்தான், தனக்கு நினைவு தப்பிவிட்டதாகப் பாசாங்கு செய்தான். இங்கே ‘தனக்கு’ என்பதை ‘அவனுக்கு’ என்று எழுதினால், காய்ச்சல் வேறொருவனுக்கு என்று பொருள்படும் ஆபத்து உண்டு.

பெயர்ச்சொல்லை இணைக்கும்போது இன்னும் கூடுதலான எச்சரிக்கை தேவை. ‘மருத்துவராக நடித்தார்’ என்றால் மேடையிலோ திரையிலோ மருத்துவர் பாத்திரம் ஏற்றார் என்பதே முதலில் தோன்றும் பொருள். ‘மருத்துவர் போல் நடித்தார்’ என்றால் வாழ்க்கையில் பிறரை ஏமாற்றினார் என்று பொருள். ஓர் உருபு மாறினால் பாராட்டுக்குரியவர் குற்றவாளியாகிவிடுவார் என்பதால், ‘நடி’ என்ற வினையை எழுதும் ஒவ்வொரு முறையும் அதற்கு முன்னால் ‘ஆக’ நிற்கிறதா, ‘போல்’ நிற்கிறதா என்று திரும்பிப் பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

காலமும் பொருளை மாற்றும். ‘அந்த நூலைப் படிப்பது போல் பாசாங்கு செய்தார்’ என்றால் நூல் அவர் கையில் விரிந்திருக்கிறது. ‘அந்த நூலைப் படித்தது போல் பேசினார்’ என்றால் படித்து முடித்துவிட்டதாகப் பிறர் எண்ண வேண்டும் என்று விரும்புகிறார். இந்த இரண்டாவது பொருளுக்குப் ‘படித்தவர் போல் பேசினார்’ என்று எழுதிவிடாதீர்கள். ‘படித்தவர்’ என்பது கல்வி கற்றவர் என்ற தனிப் பொருளில் வழங்குவதால், வாக்கியம் அவருடைய கல்வியைப் பற்றியதாகத் திரும்பிவிடும்.

எதிர்மறை வரும் இடத்தில் நுட்பமான ஒரு வேறுபாடு இருக்கிறது. ‘கேட்காதது போல் இருந்தார்’ என்றால், காதில் விழுந்ததை மறைக்க அவர் முயன்றார் என்று பொருள். ‘கேட்டது போல் காட்டிக்கொள்ளவில்லை’ என்றால், அவர் வெளிக்காட்டவில்லை என்பதோடு செய்தி நின்றுவிடுகிறது. மறைக்கும் முயற்சி அதில் அழுத்தம் பெறுவதில்லை. முதல் வாக்கியத்தின் குற்றச்சாட்டை இன்னும் கூர்மையாக்க வேண்டுமானால் தமிழில் அதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது: தெரிந்தும் தெரியாதது போல், கேட்டும் கேளாதது போல். இதில் வரும் ‘உம்’ அவருக்கு உண்மை தெரியும் என்பதை முதலிலேயே உறுதிசெய்துவிடுவதால், பாசாங்கு என்ற பெயர்ச்சொல்லே தேவையில்லாமல் போகிறது. ‘கண்டும் காணாமல் இருந்தார்’ என்பது தோற்றத்தில் இதை ஒத்திருந்தாலும் பொருளில் வேறு. பிறர் குற்றத்தைப் பொறுத்துப் போவதையும் தட்டிக்கேட்க வேண்டியதை விட்டுவிடுவதையும் அது குறிக்கும், பார்ப்பவரை நம்பவைக்கும் எண்ணம் அதில் இருக்க வேண்டியதில்லை.

நான்காம் படி: அண்டைச் சொற்களை அடையாளம் காணுங்கள்

காட்டிக்கொள் என்பது இந்தக் குடும்பத்திலேயே மென்மையான சொல். ‘வருத்தம் இல்லாதது போல் காட்டிக்கொண்டார்’ என்று எழுதும்போது அந்த மனிதர்மேல் நமக்குக் கோபம் வருவதில்லை. பெரும்பாலும் இரக்கமே வருகிறது. பிறர் மனம் நோகக்கூடாது என்பதற்காகவோ தம் மானத்தைக் காத்துக்கொள்வதற்காகவோ ஒருவர் தம் நிலையை மறைக்கும் இடங்களில் பாசாங்கு என்று எழுதுவது அவருக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன். அத்தகைய இடங்களுக்குக் ‘காட்டிக்கொள்’ இருக்கிறது.

பாவனை என்பது, தமிழ்நாட்டு வழக்கில், ஒன்றைச் செய்வது போன்ற சைகையைக் குறிக்கும். பார்ப்பவர் ஏமாற வேண்டும் என்பது இதில் கட்டாயமில்லை. ‘சாப்பிட்டாயிற்றா என்று கையால் பாவனை செய்து கேட்டார்’ என்ற வாக்கியத்தில் ஏமாற்று எதுவும் இல்லை. சமய நூல்களில் இச்சொல் மனத்தால் ஒன்றை இடைவிடாது எண்ணுவதையும் குறிக்கும். இலங்கைத் தமிழிலோ பாவனை என்றால் பயன்பாடு; ‘பாவனையாளர்’ என்றால் பயன்படுத்துபவர். இலங்கைச் செய்திகளில் ‘போதைப்பொருள் பாவனை’ என்று வருவதைப் போதைப்பொருள் உட்கொண்டது போன்ற நடிப்பு என்று புரிந்துகொண்டால் செய்தியே தலைகீழாகிவிடும். இரு நாட்டு வாசகர்களுக்கும் பொதுவாக எழுதுபவர்கள் இந்தச் சொல்லுக்கு மாற்றாகச் ‘சைகை’ என்றோ ‘பயன்பாடு’ என்றோ பொருளுக்கேற்ப எழுதிவிடுவது நல்லது.

பாவ்லா என்பது பேச்சுவழக்குச் சொல். ஒன்றைச் செய்யத் தொடங்குவது போல் காட்டிவிட்டுச் செய்யாமல் விடுவதை இது துல்லியமாகக் குறிக்கிறது: அடிப்பது போல் பாவ்லா காட்டினான். உரையாடலில் தயங்காமல் எழுதலாம். முறையான உரைநடையில், எதிராளியைத் திசைதிருப்பும் பொருளில் ‘போக்குக் காட்டுதல்’ என்பது அதற்கு அருகில் வரும்.

மாய்மாலம் உணர்ச்சியைச் சார்ந்தது. அழுகை, கொஞ்சல், பரிவு ஆகியவற்றை வரவழைத்துக் காட்டிக் காரியம் சாதிக்கும் இடத்தில் இது பொருந்தும். தூங்குவது போல் கிடப்பதை யாரும் மாய்மாலம் என்று சொல்வதில்லை. கிறித்தவத் தமிழில் இதற்கு நெருங்கிய ‘மாயக்காரர்’ என்ற சொல், உள்ளே ஒன்றும் வெளியே வேறொன்றுமாக வாழ்பவர்களைக் கண்டிக்கும் சொல்லாக வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் நிலைபெற்றிருக்கிறது. பொய்யான அழுகைக்குரிய ‘நீலிக்கண்ணீர்’ பழையனூர் நீலியின் கதையிலிருந்து வந்தது. வணிகன் ஒருவனைத் தன் கணவன் என்று சொல்லி அவள் வடித்த கண்ணீரை ஊர்ப் பெரியவர்கள் நம்பினார்கள், அதனால் அவன் உயிரிழந்தான் என்பது அக்கதை. பிறருக்குத் தீங்கு விளைவிக்கும் கண்ணீர் என்ற கடுமை அந்தச் சொல்லுக்குள் இருப்பதால், சிறு பிள்ளைகள் மிட்டாய்க்காக அழுவதற்கு அது மிகை.

வேடமும் நாடகமும் அளவால் பெரியவை. ஒருவர் தம்மை யார் என்று காட்டிக்கொள்கிறாரோ அந்த அடையாளமே பொய்யாக இருந்தால் ‘வேடம் போட்டார்’. இரு தரப்பினரிடமும் இரு விதமாக நடந்துகொண்டால் ‘இரட்டை வேடம்’. பலர் சேர்ந்து திட்டமிட்டுச் செய்தால், அல்லது ஒருவரே பல கட்டங்களாக நடத்தினால், ‘நாடகமாடினார்கள்’. பாசாங்கு இவற்றைவிடச் சிறிய பொழுதுக்கு உரியது. ஒரு கணம், ஒரு சந்திப்பு, ஒரு மாலைநேரம் என்ற அளவில் முடிந்துவிடுவதற்கே அது இயல்பாகப் பொருந்துகிறது. ஆண்டுக்கணக்கில் நீளும் இரட்டை வாழ்க்கையைப் ‘போலித்தனம்’ என்றோ ‘வேடம்’ என்றோ எழுதுவதே வலுவானது.

அமைப்புகள் பாசாங்கு செய்வதில்லை என்பதையும் கவனியுங்கள். ஓர் அலுவலகம் நடவடிக்கை எடுப்பது போல் தோற்றத்தை உண்டாக்கினால், அதற்குத் தமிழில் நிலைபெற்ற சொல் ‘கண்துடைப்பு’.

வேடத்தைக் குறிக்கும் மரபுத்தொடர்களில் திசை மாறிப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. ‘பசுத்தோல் போர்த்திய புலி’ என்பது இன்று பரவலாக வழங்குகிறது. கொடியவர் சாதுவாகத் தோன்றுவதை அது சொல்கிறது. குறள் 273இல் வருவதோ இதற்கு நேர்மாறானது: அங்கே பசுதான் புலித்தோலைப் போர்த்திக்கொண்டு மேய்கிறது, மன வலிமை இல்லாதவர் வலிய தவக்கோலம் பூணுவதை அது சொல்கிறது. வலிமை இல்லாத இடத்தில் வலிமையைக் காட்டுவதும், கொடுமை உள்ள இடத்தில் சாந்தத்தைக் காட்டுவதும் வெவ்வேறு பாசாங்குகள் என்பதால், நாம் எழுத வந்தது எது என்று தெரிந்துகொண்ட பிறகே தொடரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஐந்தாம் படி: பொருள்களுக்கு வேறு சொற்களை வைத்துக்கொள்ளுங்கள்

சான்றிதழும் கையெழுத்தும் பணமும் பாசாங்கு செய்ய முடியாது. செய்பவர் ஒருவர் இருந்தால்தான் பாசாங்கு உண்டு. பொருள்களுக்குப் ‘போலி’ என்பதே உரிய சொல்: போலிச் சான்றிதழ், போலி ஆவணம், போலிக் கையெழுத்து. நபருக்கும் இதைச் சேர்க்கலாம், ஆனால் பொருள் சற்று மாறும். ‘போலி மருத்துவர்’ என்றால் தகுதி இல்லாமல் அதையே தொழிலாக நடத்துபவர். ‘மருத்துவர் போல் நடித்தவர்’ என்றால் ஒரு காரியத்துக்காக அவ்வாறு வந்து போனவராகவும் இருக்கலாம். ஒருவர் இன்னொரு குறிப்பிட்ட நபராகத் தம்மைக் காட்டிக்கொண்டால் அது ‘ஆள்மாறாட்டம்’. சட்டம் சார்ந்த எழுத்தில் இந்த மூன்றையும் கலந்துவிடக் கூடாது.

‘போலி’ என்பதற்கு இலக்கணத்தில் குற்றப்பொருள் எதுவும் கிடையாது என்பதையும் இலக்கண நூல்களைப் புதிதாகப் படிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பந்தல் என்பது பந்தர் என்று வருவதைக் கடைப்போலி என்றும், ஐந்து என்பது அஞ்சு என்று வருவதை முற்றுப்போலி என்றும் சொல்லும்போது, ஒன்றைப் போல மற்றொன்று நிற்கிறது என்பதே பொருள்.

‘கள்ள’ என்ற அடை இன்னும் சிக்கலானது. கள்ள நோட்டு என்பது போலியாக அச்சிட்ட பணம். ஆனால் கள்ளச்சாராயம் என்பது சட்டத்துக்குப் புறம்பாகக் காய்ச்சிய சாராயமே தவிர, சாராயம் போன்ற வேறொன்று அன்று. கள்ளச்சிரிப்பு என்பதிலும் சிரிப்பு உண்மையானதே. மறைத்து வைத்திருப்பது அதன் காரணம். ‘பொய்’ என்ற அடை இதற்கு நேர்மாறாகப் பல இடங்களில் குற்றமற்றது. பொய்க்கால் குதிரையாட்டத்தில் எவரும் ஏமாற்றப்படுவதில்லை, பொய்க்கோபத்தில் அன்பே மிகுந்திருக்கிறது. உறுப்பை இழந்தவர்கள் அணியும் காலைப் பற்றி எழுதும்போது மட்டும், போலிக்கால் என்றோ பொய்க்கால் என்றோ எழுதாமல், ‘செயற்கைக் கால்’ என்று எழுதுங்கள்.

ஆறாம் படி: தெரியாததைத் தெரிந்தது போல் எழுதாதீர்கள்

இந்தப் படிக்குத்தான் நான் மிகுந்த முக்கியத்துவம் தருகிறேன். பாசாங்கு செய்தார் என்று எழுதுபவர், இன்னொருவரின் உள்ளத்துக்குள் இருப்பது தமக்குத் தெரியும் என்று சொல்கிறார். கதாசிரியருக்கு அந்த உரிமை உண்டு, அந்த உள்ளத்தை அவரே படைத்தார் என்பதால். செய்தி எழுதுபவருக்கும் வாழ்க்கைக் குறிப்பு எழுதுபவருக்கும் அலுவலக அறிக்கை தயாரிப்பவருக்கும் அந்த உரிமை இல்லை.

‘விசாரணையின்போது மயங்கி விழுவது போல் நடித்தார்’ என்று எழுதுவதற்கு முன், அந்த மயக்கம் உண்மையன்று என்பதை யார் உறுதிசெய்தார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உறுதி இல்லையென்றால் கண்டதை மட்டும் எழுதலாம்: விசாரணையின்போது மயங்கி விழுந்தார். பிறர் குற்றம்சாட்டுகிறார்கள் என்றால் குற்றச்சாட்டை அவர்களுடையதாகவே எழுதலாம்: மயங்கியது போல் அவர் நடித்ததாக எதிர்த்தரப்பினர் கூறுகின்றனர். ‘ஆக’ என்ற அந்த ஓர் உருபு பொறுப்பை உரியவரிடம் கொண்டு சேர்க்கிறது.

நோயும் துயரமும் சார்ந்த இடங்களில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். வெளியே அடையாளம் எதுவும் தெரியாத வலிகள் இருக்கின்றன; காலையில் சிரித்துப் பேசியவர் மாலையில் எழ முடியாமல் கிடக்கும் மன நோய்களும் உடல் நோய்களும் இருக்கின்றன. அழாமல் இருப்பவரின் துயரத்தைப் பொய் என்பதும், உரக்க அழுபவரின் துயரத்தை மாய்மாலம் என்பதும் எழுத்தில் மிக எளிதாக நடந்துவிடுகின்றன. நோயாளியை வேலைக்குத் தகுதியற்ற சோம்பேறியாக்குவதற்கு ஒரே ஒரு தவறான சொல் போதும் என்பதை மனதில் வைத்து, மூன்று கேள்விகளில் முதல் கேள்விக்கே உறுதியான விடை இல்லாத இடங்களில் இந்தச் சொல்லைத் தொடாமல் இருப்பதே முறை.

நேரில் பேசும்போதும் சொல்லின் எடை மாறுகிறது. ‘நடிக்காதே’ என்பதை நண்பர்களும், மூத்தவர்கள் இளையவர்களிடமும் சொல்லலாம். அதையே பன்மையாக்கி ‘நடிக்காதீர்கள்’ என்று ஒரு பெரியவரிடம் சொன்னால், மரியாதை விகுதி இருந்தும் மரியாதை இருக்காது. கதையில் ஒரு மருமகன் மாமனாரிடம் பேசுவதாக இருந்தால், ‘உங்களுக்குத் தெரியாதது இல்லை, மாமா’ என்ற சுற்றுவழியில்தான் அந்தக் குற்றச்சாட்டு வெளிப்படும்.

ஏழாம் படி: குற்றமில்லாத இடங்களைப் பிரித்து வையுங்கள்

குழந்தைகள் ஆசிரியராகவும் மாணவராகவும் தம்மைப் பாவித்துக்கொண்டு விளையாடுவதற்குப் பாசாங்கு என்று எழுதினால் அந்த விளையாட்டின் தூய்மை கெட்டுவிடுகிறது; ‘பாவித்து விளையாடினார்கள்’ என்றோ, ‘ஆசிரியர் போல் பேசி விளையாடினார்கள்’ என்றோ எழுதலாம். திருமாலின் அறிதுயிலையும் பொய்த்தூக்கம் என்று விளக்கிவிடக் கூடாது. யாவற்றையும் அறிந்தபடியே கொள்ளும் துயில் என்பதே அதன் பொருள்.

விலங்குகளைப் பற்றி எழுதுபவர்களுக்கு இது இன்னும் கடினம். தரையில் முட்டையிடும் உப்புக்கொத்திப் பறவை, எதிரி நெருங்கும்போது சிறகு ஒடிந்தது போல் தரையில் தத்திச் சென்று அதன் கவனத்தைக் கூட்டிலிருந்து விலக்கும். எதிரி நம்புகிறது, ஆனால் பறவை தான் ஏமாற்றுவதை அறிந்து செய்கிறதா என்ற இரண்டாவது கேள்விக்கு வாக்கியத்தில் விடை சொல்லிவிட முடியாது. ஆகவே அறிவியல் எழுத்தில் ‘சிறகு ஒடிந்தது போல் தத்திச் செல்லும்’ என்று ‘போல்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். சிறுவர் கதையில் அந்தப் பறவை தாராளமாகப் பாசாங்கு செய்யட்டும்.

எட்டாம் படி: ‘பாசாங்கற்ற’ என்பதை அளந்து எழுதுங்கள்

இலக்கிய மதிப்புரைகளில் இந்தச் சொல்லின் எதிர்மறை வடிவமே அதிகம் வருகிறது: பாசாங்கற்ற எழுத்து, பாசாங்கில்லாத நடை. எழுதுபவர் தம்மிடம் இல்லாத புலமையையோ உணர்ச்சியையோ இருப்பதாகக் காட்டவில்லை என்பது இதன் சரியான பொருள். எளிய சொற்களில் எழுதியிருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு நூலைப் பாசாங்கற்றது என்று சொல்லிவிடுகிறார்கள், இது சரியன்று. எளிமையையும் வரவழைத்துக் காட்ட முடியும். செறிவான நடையும் ஒருவருக்கு இயல்பாக வரக்கூடும். மதிப்புரையில் இந்தச் சொல்லை எழுதினால், எந்த இடத்தில் எழுத்தாளர் மிகைப்படுத்தியிருக்கக்கூடும், அங்கே எப்படிக் கட்டுப்படுத்திக்கொண்டார் என்று ஓர் எடுத்துக்காட்டையாவது சேர்த்துக் கொடுங்கள்.

சந்தியைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. ‘பாசாங்கு செய்தார்’ என்பதில் ஒற்று மிகாது. ‘பாசாங்குப் பேச்சு’, ‘பாசாங்குக்காரர்’ ஆகியவற்றில் மிகும். ‘போல’ என்று எழுதினால் ‘போலப் பேசினார்’, ‘போலச் சிரித்தார்’ என்று ஒற்று வரும். ‘போல்’ என்று எழுதினால் வராது. ‘தூங்குவதாகப் பாசாங்கு’ என்பதில் ஒற்றை விட்டுவிடாதீர்கள்.

கடைசிப் படி: எழுதியதைத் திருத்திப் பாருங்கள்

பழகுவதற்காக ஒரு பத்தியை எடுத்துக்கொள்வோம். ‘புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் கணக்கு எழுதத் தெரிந்தவராக நடித்தார். மேலாளர் கேட்ட கேள்விக்குப் பாசாங்கான பதில் சொன்னார். அவர் கொடுத்த சான்றிதழும் பாசாங்குதான். பிடிபட்டதும் அழுது பாவனை செய்தார்.’

முதல் வாக்கியத்தில் மேடை எதுவும் இல்லை என்பதால் ‘கணக்கு எழுதத் தெரிந்தவர் போல் காட்டிக்கொண்டார்’ என்று மாற்ற வேண்டும். பல மாதங்கள் அவ்வாறு ஏமாற்றியிருந்தால் ‘போல் நடித்து வந்தார்’ என்றும் எழுதலாம். இரண்டாவது வாக்கியத்தில் இருப்பது சொல்லால் ஆனது. அவர் உண்மைக்கு மாறாகச் சொன்னார் என்றால் ‘பொய் சொன்னார்’, நேரடியாக விடை சொல்லாமல் தப்பித்தார் என்றால் ‘மழுப்பினார்’. சான்றிதழ் பொருள் என்பதால் அது ‘போலி’. நான்காவது வாக்கியத்தில் பாவனை பொருந்தாது, மேலாளர் அந்த அழுகையை நம்ப வேண்டும் என்றுதானே அவர் அழுதார் என்று எண்ணி ‘அழுவது போல் பாசாங்கு செய்தார்’ என்று மாற்றத் தோன்றும். அதற்கு முன் முதல் கேள்விக்குத் திரும்புங்கள். வேலையும் மானமும் ஒரே நாளில் போன ஒருவர் உண்மையாகவே அழுதிருக்கலாம். அவருடைய பழைய பொய்கள் அந்தக் கண்ணீரும் பொய் என்பதற்குச் சான்றாகிவிடாது. வேறு சான்று கையில் இல்லாத வரை அந்த வாக்கியத்தைப் ‘பிடிபட்டதும் அழுதார்’ என்று இரண்டே சொற்களில் எழுதி முடித்துவிடுங்கள்.